கதையைத் திருப்பிச் சொல்: வீட்டில் செவ்வியல் கல்வி

ஏழு வயதுக் குழந்தைக்கு ஈசாப் கதை ஒன்றை வாசித்துக் காட்டுங்கள். காக்கையும் நரியும் கதையே போதும். ஒரே ஒரு முறை, நிதானமாக, நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லாமல். முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இப்போ நீ எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள்.

முதல் தடவை இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். "காக்கா வாயில வச்சிருந்ததை நரி ஏமாத்தி வாங்கிடுச்சு. அவ்வளவுதான்." பரவாயில்லை. அந்த இரண்டு வாக்கியத்துக்காகக் குழந்தை செய்த வேலையைப் பாருங்கள். கேட்டதை நினைவில் வைத்தது. எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தியது. எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தானே முடிவெடுத்தது. பிறகு சொற்களைத் தேடிப் பிடித்தது. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் இத்தனையும் நடப்பதில்லை.

இது புதிய உத்தி அல்ல. ரோமில் ஆசிரியராக இருந்த குவின்டிலியன், முதல் நூற்றாண்டின் இறுதியில் 12 பகுதிகள் கொண்ட ஒரு நூலை எழுதினார். பேச்சாளரை உருவாக்குவது எப்படி என்பதே அதன் பொருள். சிறுவர்கள் ஈசாப் கதைகளை எளிய, தூய நடையில் திருப்பிச் சொல்லப் பழக வேண்டும், பின்னர் அதே எளிமையோடு எழுத வேண்டும் என்று அதில் சொல்கிறார். அதே நூலில் பிள்ளைகளை அடித்துப் படிக்கவைப்பதையும் அவர் கடுமையாக எதிர்க்கிறார். பழைய முறை என்றாலே பிரம்பு நினைவுக்கு வருபவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

"செவ்வியல் கல்வி" என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் பாடம் சொல்லித்தரும் பெற்றோர் பலருக்கு லத்தீன் மொழியும், தலையணை கனத்தில் புத்தகங்களும், ஒரு நீண்ட பட்டியலும்தான் கண்முன் வருகின்றன. பட்டியலைப் பார்த்துப் பயந்து விலகுபவர்களும் உண்டு. பட்டியலை அப்படியே வாங்கி ஆறு மாதத்தில் களைத்துப் போகிறவர்களும் உண்டு. இரண்டு சாராரும் தவறான முனையைப் பிடித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். இந்தக் கல்வியின் உயிர் புத்தகப் பட்டியலில் இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது, சொன்னதை ஏன் என்று கேட்பது, பிறகு தன் சொந்தச் சொல்லில் அழகாக எடுத்துரைப்பது: இந்த மூன்று பழக்கங்களில்தான் இருக்கிறது.

ஏழு கலைகள்

கிரேக்கத்திலும் ரோமிலும் வேர்விட்டு, ஐரோப்பாவின் இடைக்காலப் பள்ளிகளில் உருப்பெற்ற பாடமுறை இது. மொத்தம் ஏழு கலைகள். இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து டிரிவியம் என்று பெயர். எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்ற நான்கும் குவாட்ரிவியம். மூன்று சாலைகள் கூடும் இடத்தை லத்தீனில் டிரிவியம் என்பார்கள். நான்கு சாலைகள் கூடினால் குவாட்ரிவியம்.

இசை எப்படிக் கணிதத்தோடு வந்து உட்கார்ந்தது? ஒரு தந்தியை மீட்டுங்கள். பிறகு அதன் சரிபாதியில் விரலை அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் காதில் கேட்கிறது. எண்கணிதம் எண்ணைப் பற்றியது, வடிவியல் இடவெளியில் எண்ணைப் பற்றியது, இசை காலத்தில் எண்ணைப் பற்றியது, வானியல் இடவெளியும் காலமும் சேர்ந்த இடத்தில் எண்ணைப் பற்றியது என்று விளக்குவார்கள். இதைப் படித்தபோதுதான் இவை ஒரு குடும்பம் என்பது எனக்குப் புரிந்தது.

இவற்றைச் சுதந்திரக் கலைகள் என்றும் அழைத்தார்கள். சுதந்திர மனிதனுக்கு உரிய கல்வி என்று பொருள். அடிமைமுறை நிலவிய சமூகத்தில் பிறந்த சொல் அது; அந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் இருக்கவில்லை. அதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. அப்போது சிலருக்கு மட்டும் கிடைத்த ஒன்றை இன்று எந்த வீட்டிலும் கொடுக்க முடியும் என்பதுதான் என்னை இதன் பக்கம் இழுத்தது.

வீட்டுக்கல்விக்குள் இந்த முறை வந்ததற்கு ஒரு சொற்பொழிவு முக்கியக் காரணம். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற டோரத்தி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசினார். பிள்ளைகளுக்குப் பாடங்களைக் கற்றுத்தருகிறோம், கற்பது எப்படி என்பதைக் கற்றுத்தர மறந்துவிட்டோம் என்பது அவர் குற்றச்சாட்டு. டிரிவியத்தின் மூன்று கலைகளை அவர் மூன்று பருவங்களோடு பொருத்தினார். சொன்னதைக் கிளிபோல் ஆசையாகத் திருப்பிச் சொல்லும் வயது இலக்கணத்துக்கு. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்யும் வயது தருக்கத்துக்கு. தன்னை வெளிப்படுத்தத் துடிக்கும் வயது பேச்சுக்கலைக்கு. 1999இல் ஜெஸ்ஸி வைஸும் அவர் மகள் சூசன் வைஸ் பாவரும் சேர்ந்து வீட்டில் கற்பிப்போருக்காக எழுதிய கையேடு, இதே எண்ணத்தைப் பன்னிரண்டு ஆண்டுத் திட்டமாக விரித்தது. அமெரிக்காவில் வீட்டுக்கல்விக் குடும்பங்களிடையே அது பெரிய அளவில் பரவியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பருவக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். குழந்தை உளவியல் பற்றிய தன் கருத்துகள் மரபாக ஏற்கப்பட்டவை அல்ல, தன் சொந்தக் குழந்தைப்பருவத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்பவை என்று சேயர்ஸே அந்தப் பேச்சில் ஒப்புக்கொள்கிறார். நான்கு வயதுக் குழந்தையும் "ஏன்?" என்று கேட்கிறது. பதினைந்து வயதில் புது மொழி தொடங்குபவனும் உட்கார்ந்து சொற்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

மூன்றையும் வயதாகப் பார்க்காமல், எந்த ஒன்றைக் கற்கும்போதும் வரும் படிகளாகப் பார்த்தால் தெளிவாக இருக்கும். சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை எப்படி நகரும், ராஜா எப்போது மாட்டிக்கொள்வார் என்பவை அந்த ஆட்டத்தின் இலக்கணம். இந்த நகர்வு ஏன் நல்லது, அது ஏன் ஆபத்து என்று யோசிப்பது தருக்கம். எதிரில் இருப்பவரைப் பார்த்து, தன் பாணியில் ஒரு முழு ஆட்டத்தை ஆடுவது பேச்சுக்கலையின் இடம். வேதியியலுக்கும் இப்படி ஓர் இலக்கணம் உண்டு, தையலுக்கும் உண்டு.

மனப்பாடம் என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம்

தேர்வுக்காகப் பொருள் தெரியாமல் உருப்போட்டு, மறுநாள் மறந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் மனதில் எதுவுமே இல்லாமல் யோசிப்பது எதைக்கொண்டு? வாய்ப்பாடு நாவில் நிற்கும் குழந்தைக்குப் பின்னம் எளிதாகிறது. எந்தப் பேரரசு எதற்கு முன் என்று காட்டும் ஒரு பதினைந்து ஆண்டுக்குறிப்புகள் மனதில் இருந்தால், புதிதாகப் படிக்கும் ஒவ்வொரு செய்தியும் போய் மாட்டிக்கொள்ள ஓர் ஆணி கிடைக்கிறது.

நம் நன்னூல், மாணவன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும்போது பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் ஆகியவற்றை ஒரே நூற்பாவுக்குள் வைக்கிறது. மனப்பாடமும் கேள்வியும் பகைவர்கள் அல்ல; ஒன்று மட்டும் வந்து மற்றது வராமல் போனால்தான் கெடுதல். ஆகவே ஒரு சின்ன விதி வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தைக்குப் பொருள் சொல்ல முடியாத எதையும் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். நல்ல பாடல்களையும் நல்ல உரைநடைப் பத்திகளையும் தேர்ந்தெடுங்கள். வாரத்துக்கு எட்டு வரி போதும்.

எழுதக் கற்கும் ஏணி

செவ்வியல் முறையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். "உனக்குப் பிடித்த விடுமுறை நாள் பற்றி ஒரு பக்கம் எழுது" என்று எட்டு வயதுக் குழந்தையிடம் வெற்றுத்தாளை நீட்டினால், அது ஒரே நேரத்தில் மூன்று சுமைகளைத் தூக்க வேண்டும். என்ன சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, அந்தச் சொல்லைப் பிழையின்றி எப்படி எழுதுவது. பெரியவர்களே திணறுவார்கள். பழைய முறை இந்தச் சுமைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது.

முதல் படி, பார்த்தெழுதுதல். ஒரு நல்ல எழுத்தாளரின் ஒரே ஒரு வாக்கியத்தை, ஒற்றெழுத்து, காற்புள்ளி உட்பட, அப்படியே எழுதுவது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அடுத்தது, சொல்லக் கேட்டு எழுதுதல். இப்போது வாக்கியம் கண்ணெதிரே இல்லை, மனதில் நிற்க வேண்டும். இவை கைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் ஆன பயிற்சிகள். இவற்றுக்குப் பக்கத்திலேயே, தனி ஓட்டமாக, திருப்பிச் சொல்லுதல் நடக்கிறது. அது எண்ணத்தை ஒழுங்குபடுத்தும் பயிற்சி. குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பத்து வயதை ஒட்டி இரண்டு ஓட்டங்களும் தாமாகவே கலக்கின்றன: தான் சொன்னதைத் தானே எழுதத் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) திருப்பிச் சொல்லுதலைத் தன் முறையின் நடுத்தூணாகவே வைத்தார். ஒருமுறைதான் வாசிக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். மறுபடி வாசிப்பார்கள் என்று தெரிந்தால் மனம் முதல் தடவையில் தூங்கிவிடும் என்பது காரணம். பாடநேரம் சிறியதாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம்.

அதற்கு மேலே உள்ள படிகளுக்கு கிரேக்கர்கள் புரோஜிம்னாஸ்மாட்டா என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பயிற்சிகள் என்று சொல்லலாம். நான்காம் நூற்றாண்டின் அஃப்தோனியஸ் தொகுத்த வரிசையில் அவை 14. நீதிக்கதையில் தொடங்கி, நிகழ்ச்சியை விவரித்தல், ஒரு பொன்மொழியை விரித்துரைத்தல் என்று ஏறி, ஒரு கதை நம்பத்தகாதது என்று மறுத்தல், அதையே நம்பத்தக்கது என்று நிறுவுதல், புகழ்தல், இகழ்தல், இருவரை ஒப்பிடுதல், மற்றொருவராக நின்று பேசுதல், கண்முன் காட்டுவதுபோல் வருணித்தல் எனத் தொடர்ந்து, கடைசியில் ஒரு சட்டத்தை ஆதரித்தோ எதிர்த்தோ வாதிடுவதில் முடிகிறது. காக்கை கதையையே இந்த ஏணியில் ஏற்றிப் பாருங்கள். முதலில் நான்கு வரியில் சொல். பிறகு காக்கையும் நரியும் பேசிக்கொள்ளும் உரையாடலோடு ஒரு பக்கத்துக்கு நீட்டு. அடுத்து, வாயில் இருந்ததை இழந்த காக்கை அன்றிரவு தனக்குள் என்ன பேசியிருக்கும் என்று காக்கையாகவே எழுது. ஒரே கதை, மூன்று வாரத்து எழுத்துவேலை.

பெரிய பிள்ளைகளுக்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் வரலாற்றில் சொல்லும் வழி அருமையானது. சிறுவயதில் அவருக்கு ஸ்பெக்டேட்டர் என்ற இதழின் கட்டுரைத் தொகுதி ஒன்று கிடைத்தது. பிடித்த கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதிக்கொண்டு, சில நாள் தள்ளிவைத்துவிட்டு, குறிப்பை மட்டும் பார்த்துக் கட்டுரையைத் தன் சொல்லில் மீண்டும் எழுதினார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் உரைநடையைச் செய்யுளாக்கி, செய்யுளை மறுபடி உரைநடையாக்கினார். சிலசமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சரியான வரிசையைத் தானே கண்டுபிடிக்கப் பழகினார். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாரும், ஆசிரியரே இல்லாமல்கூட, இதைச் செய்ய முடியும்.

ஏன், எப்படித் தெரியும்?

"மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது." இது சரியா என்று பதினொரு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கலாமே என்று கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். தருக்கப் பிழைகளுக்குப் பெயர் வைத்துப் பழக்கிவிட்டால், விளம்பரங்களிலும் மேடைப்பேச்சுகளிலும் பிள்ளைகள் தாமே வேட்டையாடத் தொடங்குவார்கள். உங்கள் பேச்சிலும்தான். அதற்குத் தயாராக இருங்கள். "நீங்கள் சொன்னதில் பிழை இருக்கிறது" என்பதை மரியாதையோடு சொல்லக் கற்றுத்தருவதும் இந்தப் பாடத்தின் பகுதியே.

கேள்வி கேட்டே கற்பிக்கும் வழியை, சாக்ரடீஸ் முறை என்று பலரும் சொல்வதைப் பார்க்க வேண்டுமானால், பிளேட்டோவின் மேனோ உரையாடலுக்குப் போக வேண்டும். இரண்டு அடிப் பக்கம் கொண்ட ஒரு சதுரத்தைக் காட்டி, இதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் கேட்கிறார். நான்கு அடி என்கிறான். பரப்பு 16 ஆகிவிடுகிறது, வேண்டியது 8. மூன்று அடி என்கிறான். 9 வருகிறது. தெரியவில்லை என்று நின்றுவிடுகிறான். அவன் இப்போது முன்பைவிட நல்ல நிலையில் இருக்கிறான் என்று சாக்ரடீஸ் மேனோவிடம் சொல்கிறார். தெரியாது என்பது தெரிந்துவிட்டதல்லவா. பிறகு மூலைவிட்டத்தின் மேல் வரையும் சதுரத்தில் விடை கிடைக்கிறது. அந்த உரையாடலில் பல கேள்விகள் "ஆம்" என்ற பதிலை மட்டுமே எதிர்பார்ப்பவை என்பதையும் சொல்ல வேண்டும். நாம் கற்க வேண்டியது அந்தக் கேள்விகளை அல்ல, தவறான விடை வந்தபோது அவர் உடனே திருத்தாமல், அந்த விடையையே வரைந்து காட்டிய பொறுமையை.

அந்தப் பொறுமைக்கு ஏற்ற பாடம், பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியல். அவர் நூலின் 13 பகுதிகளும் வேண்டாம். முதல் பகுதி போதும். அதில் 48 தேற்றங்கள். முதலாவது, சமபக்க முக்கோணம் வரைவது. ஒரு கோடு வரையுங்கள். ஒரு முனையைக் கவராய முள்ளுக்குக் கொடுத்து, கோட்டின் நீளத்தையே ஆரமாக வைத்து ஒரு வட்டம். மறுமுனையிலிருந்து அதே ஆரத்தில் இன்னொன்று. இரண்டும் வெட்டும் புள்ளியைக் கோட்டின் இரு முனைகளோடும் இணைத்தால் முக்கோணம். பக்கங்கள் சமம் என்று எப்படித் தெரியும்? அளந்து பார்த்து என்று பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரே வட்டத்தின் ஆரங்கள் சமம் என்ற ஒன்றிலிருந்து மூன்று பக்கங்களின் சமத்தையும் பிள்ளை வாயால் நிறுவவேண்டும். இப்படி ஒவ்வொரு படியாக ஏறினால் 47ஆவது தேற்றத்தில் பிதாகரஸ் காத்திருக்கிறார்.

வரலாறு, மொழி, அறிவியல்

வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து காலவரிசையில் படிப்பது இந்த முறையின் வழக்கம். மேலே சொன்ன கையேட்டின் ஏற்பாட்டில் ஓராண்டு பழங்காலம், அடுத்த ஆண்டு இடைக்காலம், மூன்றாவது ஆண்டு நவீன யுகத்தின் தொடக்கம், நான்காம் ஆண்டு அண்மைக் காலம். பிறகு அதே சுற்று மறுபடி, ஆழமாக. மூன்றாவது முறை, மூலநூல்களோடு. பல வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லோரும் ஒரே காலத்தை, அவரவர் அளவுக்குப் படிக்கலாம் என்பது பெரிய வசதி. சுவரில் ஒரு நீண்ட காகிதத்தை ஒட்டி, படித்த ஒவ்வொன்றையும் அதில் குறித்து வாருங்கள். வழக்கமான பட்டியல்கள் ஐரோப்பாவை மட்டுமே சுற்றி வருகின்றன; அதை அப்படியே ஏற்க எந்தக் கட்டாயமும் இல்லை.

லத்தீன் வேண்டுமா? வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் செறிந்த ஒரு பழைய மொழியை ஊன்றிப் படிப்பது, மொழி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் லத்தீனாக இருந்தது. தமிழ் படிக்கும் பிள்ளைக்கு வாசல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: எழுவாய், பயனிலை, வேற்றுமை, புணர்ச்சி என்று ஒரு பழைய செய்யுளைப் பிரித்துப் பொருள்கொள்வது அதே உழைப்பு, அதே பலன். ஆர்வமிருந்தால் பின்னர் லத்தீனும் கற்கலாம்.

அறிவியல் இந்த முறையின் பலவீனமான மூலை. பழைய நூல்களை வாசிப்பது சோதனைக்கு ஈடாகாது. அதைத் தனியாக, தற்காலப் பாடநூல்களையும் செய்முறைகளையும் கொண்டு நடத்துங்கள்.

எங்கே கிடைக்கும்?

பெரும்பாலான மூலநூல்கள் பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, ஆகவே இலவசம். 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் ஈசாப், ஹோமர், புளூட்டார்க் எல்லோரும் இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில் தன்னார்வலர்கள் இத்தகைய நூல்களை வாசித்து ஒலிப்பதிவாக வைத்திருக்கிறார்கள்; வாசிப்பவரைப் பொறுத்துத் தரம் மாறும், முதலில் நீங்கள் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கிரேக்க, லத்தீன் மூலங்களை அகராதியோடு பார்க்க டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் நூலகம். பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம். ஒரு சிக்கல்: இலவசமாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்புகள் பலவும் நூறாண்டுப் பழைய நடையில் இருப்பவை. சிறுவர்களுக்கு நல்ல மறுகூறல் ஒன்றை நூலகத்திலிருந்து எடுங்கள்.

முழுப் பாடத்திட்டமாகக் கட்டி விற்கப்படும் பெட்டிகளை முதல் ஆண்டிலேயே வாங்காதீர்கள். உங்கள் பிள்ளை எப்படிக் கற்கிறது என்பது தெரியாமல் வாங்கும் எதுவும் அலமாரியில் தூங்கும். இன்னொன்று, வீட்டுக்கல்விக்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு, விதிகள் மட்டும் மாறும். ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம். நீங்கள் வாழும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

முதல் மாதத்துக்கு ஒரு கதைப்புத்தகம், ஒரு நோட்டு, கணக்குக்கு ஏற்கெனவே பயன்படுத்தும் பாடநூல் இவை போதும். காலையில் கணக்கு. பத்து நிமிடம் பார்த்தெழுதுதல். ஒரு கதை, ஒரு திருப்பிச் சொல்லல். மனப்பாடப் பாடலை நடந்துகொண்டே சொல்லலாம்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் குழந்தை உதட்டைப் பிதுக்கும். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல." எல்லா வீட்டிலும் நடப்பதுதான். திட்டவும் வேண்டாம், கதையை மறுபடி வாசிக்கவும் வேண்டாம். நாளைக்கு இன்னும் சின்னதாக, ஒரு பத்தியோடு நிறுத்திக் கேளுங்கள். இன்றைக்கு, கதையை நீங்களே சொல்லத் தொடங்குங்கள், கொஞ்சம் தவறாக. "ஒரு மரத்தில் ஒரு நரி உட்கார்ந்திருந்ததாம்..." அடுத்த வாக்கியத்துக்குப் போக விடமாட்டார்கள்.